டிராக்டர் கொக்கிச் சட்டத்தைத் தனியாளாகக் கழற்ற சாய்ப்பில் செயின் பிளாக்: எதில் தொங்கவிடுவது?

தோவாளை உழவன்

45 எச்.பி. டிராக்டர். செங்கல் லோடும் ரப்பர் தடியும் இழுக்கிறதுக்காகப் பட்டறையில் அடித்த கொக்கிச் சட்டம் பின்னால் மாட்டியிருக்கு. கம்பெனிக் கொக்கி இல்லை, அதைவிட நல்ல கனம். முதுகுத் தகடு 450 × 400 மி.மீ., கனம் 20. அதிலிருந்து பின்னோக்கி நீளும் பக்கத் தகடு இரண்டு, ஒவ்வொன்றும் 500 × 250, கனம் 16. கடைசியில் வார்ப்புக் கொக்கி, அது மட்டும் 12 கிலோ. டிராக்டரின் பின் ஹவுசிங்கில் (கியர் இருக்கும் வார்ப்புப் பெட்டி) எட்டு எம்16 (16 மி.மீ.) போல்ட்டில் நிற்கிறது.

கன்னிப்பூ (முதல் போக நெல்) அறுப்பு முடிந்து கும்பப்பூவுக்கு (இரண்டாம் போகம்) தொளி அடிக்க, அதாவது வயலைச் சேறாக்க, ரோட்டவேட்டர் மாட்டணும்னா இந்தச் சட்டம் வெளியே வந்தாகணும். ரோட்டவேட்டரைத் தூக்கும்போது அதைச் சுழற்றும் பி.டி.ஓ. தண்டின் கிராஸ் (மடங்கும் மூட்டு) பக்கத் தகட்டில் இடிக்கும். நடவு முடிந்ததும் திரும்ப மாட்டணும். இப்போது இரண்டு பேர் தாங்கிப் பிடிக்க, மூன்றாவது ஆள் போல்ட் கழற்றுகிற மாதிரி நடக்கிறது. இதை ஒரே ஆள் செய்யும்படி ஆக்கணும்.

சாய்ப்பு 12 அடி அகலம், 20 அடி நீளம். தகரக் கூரை, 2 இஞ்ச் ஜி.ஐ. பைப்பில் டிரஸ். பக்கச் சுவர் ஹாலோ பிளாக். குறுக்கே 9 அடி உயரத்தில் பழைய வீட்டிலிருந்து எடுத்த அயினி உத்திரம் ஒன்று கிடக்கு. டிரஸ்ஸில் தொங்கவிடலாமா, உத்திரத்திலா? கையால் இழுக்கும் செயின் பிளாக் வாங்கவா, கரண்டில் ஓடும் மினி ஹோய்ஸ்டா? கழற்றின சட்டத்தை அடுத்த லோடு காலம் வரைக்கும் மேலேயே தொங்கவிட்டு வைக்கலாமா? இடம் மிச்சமாகுமே.

வடசேரி பட்டறை

முதலில் எடை. இரும்புக்கு ஒரு சதுர மீட்டருக்கு ஒரு மி.மீ. கனத்துக்கு 7.85 கிலோ. உங்க முதுகுத் தகடு 0.18 சதுர மீட்டர், 20 மி.மீ.: 28 கிலோ. பக்கத் தகடு ஒன்று 0.125 சதுர மீட்டர், 16 மி.மீ.: 15.7, இரண்டுக்கும் 31.4. கொக்கி 12. மொத்தம் 71 கிலோவைத் தாண்டும், வெல்டிங், விறைப்புத் தகடு எல்லாம் சேர்த்து 75 என்றே வைத்துக்கிடுங்க.

டிரஸ்ஸை மறந்துடுங்க. 2 இஞ்ச் பைப் டிரஸ் தகரத்தின் எடையையும் காற்றையும் தாங்கக் கட்டினது. அதுவும் நம்ம ஆரல்வாய்மொழிக் காற்றுக்கு மேல்நோக்கித் தூக்குவதைத்தான் முதலில் யோசித்துக் கட்டியிருப்பான். நடுப்பைப்பில் ஒரே புள்ளியில் 75 கிலோவும் அதை இழுக்கிற உங்க கையின் பலமும் வந்தால் பைப் உடனே ஒடியாது, ஆனா வளையும். வளைந்த பைப் பிறகு நிமிராது, தகரத்து ஸ்குரூ ஓட்டை அகண்டு ஒழுகும்.

அயினி உத்திரம் கெட்டி மரம்தான். ஆனா பழைய வீட்டு மரம்னா சுவருக்குள் இருந்த முனைதான் முதலில் போகும். ஒரு கூரான ஸ்குரூ டிரைவரை இரண்டு முனையிலும் அடிப்பக்கத்திலும் குத்திப் பாருங்க. 5 மி.மீ.க்கு மேல் மெத்தென்று இறங்கினால் கரையானோ ஈரமோ தின்றிருக்கு. சுத்தியலால் தட்டினால் நல்ல இடம் கணீரென்றும் பொள்ளல் இடம் மொத்தென்றும் கேட்கும். கழுக்கோல் மாட்டுவதற்காகப் பழைய ஆசாரி வெட்டின துளைகள் இருக்கும், அது நடுவில் விழுந்தால் அந்த உத்திரம் இந்த வேலைக்கு ஆகாது. தென்னை மரமாக இருந்திருந்தால் பேச்சே கிடையாது, உள்ளே சோறுதான்.

கரண்டு ஹோய்ஸ்ட் பற்றி: சந்தையில் 200/400 என்று எழுதி வரும் மினி ஹோய்ஸ்ட் ஒற்றைக் கம்பியில் 200 கிலோதான் எடுக்கும், கூட வரும் கப்பியைப் போட்டு இரட்டைக் கம்பி ஆக்கினால்தான் 400. உங்க எடைக்கு இரண்டுமே போதும், சிக்கல் வேகம். ஒற்றைக் கம்பியில் நிமிடத்துக்கு 10 மீட்டர், அதாவது ஒரு நொடிக்கு 16 செ.மீ.; இரட்டையில் 8. போல்ட் ஓட்டை நேர் வர ஒரு மி.மீ. ஏற்றி இறக்கணும். பட்டனைத் தொட்டு எடுப்பதற்குள் 2 செ.மீ. போயிருக்கும். இதற்கு நடுவில் வோல்டேஜ் குறைந்தால் மோட்டார் முனகும், ஏறாது. கையால் இழுக்கும் செயின் பிளாக்கில் கைச்சங்கிலியை ஒரு கண்ணி இழுத்தால் சுமை ஒரு மி.மீ.கூட நகராது. அந்த நிதானம்தான் இங்கே வேணும். அரை டன், 3 மீட்டர் தூக்கு, ஐ.எஸ். 3832 முத்திரை போட்டதைப் பார்த்து வாங்குங்க. கொக்கியில் ஸ்பிரிங் நாக்கு இருக்கணும், அது நழுவாமல் மூடணும்.

பீம் கணக்கு

அயினி சரியாக இருந்தாலும் நான் புது ஐ பீம்தான் சொல்வேன். காரணம் 75 கிலோ அல்ல. ஒரு தடவை செயின் பிளாக் மாட்டிவிட்டால் அடுத்து கியர் பாக்ஸ், அப்புறம் பக்கத்து வீட்டு இன்ஜின் என்று எல்லாம் அதில் தொங்கும். செயின் பிளாக் கப்பியில் என்ன எடை எழுதியிருக்கோ அந்த எடைக்கு உத்திரம் இருக்கணும், தூக்கப்போகும் பொருளின் எடைக்கு அல்ல.

12 அடி என்றால் 3.66 மீட்டர். ஐ.எஸ்.எம்.பி. 150, அதாவது 150 மி.மீ. உயர ஐ பீம் போடுங்க, மீட்டருக்குச் சுமார் 15 கிலோ. நடுவில் 500 கிலோவும் கப்பி, டிராலி 20 கிலோவும் வைத்தால் தொய்வு ஏறக்குறைய மூன்றரை மி.மீ., நீளத்தில் ஆயிரத்தில் ஒன்று. அதிர்வுக்கு 25 சதவீதம் கூட்டினாலும் தகைவு 60 மெகாபாஸ்கல் அளவில்தான் வரும். 125 சைஸும் கணக்கில் நிற்கும், ஆனாலும் பக்கவாட்டில் முறுக்கும் பயம் இல்லாமல் இருக்க 150.

பீமைவிட அதன் இரண்டு முனைதான் கவலை. ஹாலோ பிளாக் சுவர் மேல் நேரடியாக வைக்கக்கூடாது, பிளாக்கின் மெல்லிய ஓடு நொறுங்கும். முனை உட்காரும் இடத்தில் மேலிருந்து கீழ் அஸ்திவாரம் வரை அந்தப் பிளாக் ஓட்டைகளில் 12 மி.மீ. கம்பி விட்டு 1:1.5:3 கான்கிரீட் நிரப்புங்க. மேலே 200 × 200 × 10 தகடு. அது முடியாது என்றால் சுவரை விட்டுவிட்டு 4 இஞ்ச் பைப் தூண் இரண்டு, கீழே 300 × 300 தகடு, தரையில் கான்கிரீட் கட்டி. செம்மண் தரையில் நேராக நிறுத்தினால் மழைக்காலத்தில் ஒரு பக்கம் இறங்கி பீம் சாயும், சாய்ந்த பீமில் டிராலி தானாக உருளும்.

பீமின் கீழ் விளிம்பில் ஓடும் டிராலி, பட்டறைகளில் மங்கி டிராலி என்பார்களே, அது ஒன்று வேணும். சக்கரத்துக்கும் விளிம்புக்கும் இடைவெளி பக்கத்துக்கு 2 மி.மீ. வரும்படி உள்ளே வாசர் வைத்து அமைக்கணும். பீமின் இரண்டு முனையிலும் ஆங்கிள் துண்டு வெல்டு வைத்துத் தடுப்பு. இந்தத் தடுப்பை மட்டும் தள்ளிப்போடாதீங்க.

கட்டி முடித்ததும் சோதனை. 200 லிட்டர் பேரல் மூன்றில் தண்ணீர் நிரப்பி ஒரு மரப்பலகையில் சேர்த்துக் கட்டினால் 650 கிலோ சுமார் வரும், அரை டன்னுக்கு ஒன்றேகால் மடங்கைச் சற்றே தாண்டும். முதலில் ஒரு பேரல், பிறகு இரண்டு, கடைசியில் மூன்று. 5 செ.மீ. உயரத்துக்கு மேல் தூக்க வேண்டாம். பத்து நிமிடம் விட்டு, பீமுக்கு அடியில் கட்டிய நூலிலிருந்து தொய்வை அளந்து பாருங்க. இறக்கியதும் பழைய இடத்துக்கு வரணும்.

ஒரு சந்தேகம் உங்களுக்கு வரும்: பீம் குறுக்கே போகிறது, டிராக்டரோ நீளவாக்கில் நிற்கிறது, சட்டம் பின்னோக்கி அல்லவா வரணும்? நீளவாக்கில் பீம் போட்டால் 20 அடி, 150 சைஸ் போதாது, செலவும் கூடும். குறுக்குப் பீமே நல்லது. சட்டம் அந்தரத்தில் நிற்கட்டும், டிராக்டர் இரண்டு அடி முன்னால் போகட்டும். அதன்பிறகு டிராலியைத் தள்ளி சட்டத்தைச் சுவரோரம் கொண்டு போய் இறக்கலாம்.

குலசேகரம் லோடு

75 கிலோவுக்கு இவ்வளவு கட்டுமானமா அண்ணாச்சி? அந்தச் சட்டத்தை மேலே தூக்க என்ன இருக்கு? அது இருக்கிற உயரத்திலேயே தாங்கிப் பின்னால் இழுத்தால் முடிந்தது. 150 கிலோ தாங்கும் கத்தரி லிப்ட் மேசை, கால் மிதித்தால் ஏறுவது, கீழே நாலு சக்கரம். மேல் தட்டில் சட்டத்தின் அடி வடிவத்துக்கு 50 × 50 × 6 ஆங்கிளில் ஒரு தொட்டில் அடித்துக்கிடுங்க. டிராக்டருக்கு அடியில் தள்ளி, மிதித்து ஏற்றி, சட்டத்தைத் தொட்டதும் ஒரு பெல்ட்டால் இறுக்கி, போல்ட்டைக் கழற்றிப் பின்னால் இழுக்கலாம். சேமிப்பதும் அதே மேசையில்தான். சீட்டு இடிக்காது, பீம் வேண்டாம்.

டிராலி ஜாக்கியில் மட்டும் செய்யாதீங்க. அதன் தலை உள்ளங்கை அகலம்தான், சட்டம் பின்பாரமாகச் சாய்ந்து கவிழும்.

தோவாளை உழவன்

குலசேகரம் அண்ணாச்சி சொன்னது பிடித்திருக்கு, ஆனா சாய்ப்பில் முன்பாதிதான் சிமென்ட், பின்பாதி சரல் மண். சின்னச் சக்கரம் புதையும். வேற வேலைக்கும் ஆகும் என்று பீமே போடலாம் என்று நினைக்கிறேன்.

இரண்டு கேள்வி. சட்டத்தில் எந்த இடத்தில் கட்டித் தூக்கினால் சாயாமல் வரும்? இன்னொன்று, மேலிருந்து நூல்குண்டு விட்டுப் பார்த்தேன், ஹவுசிங்குக்குப் பின்னால் 25 செ.மீ. வரை சீட்டின் முதுகு நீட்டிக்கொண்டு நிற்கிறது. சங்கிலி அதில் உரசும்.

திங்கள்சந்தை மெக்கானிக்

எடைமையம் எங்கே என்று கணக்குப் பார்த்திடலாம். முதுகுத் தகட்டின் முன்முகத்திலிருந்து அளந்தால் அந்தத் தகட்டின் 28 கிலோ 1 செ.மீ.யில் இருக்கு, பக்கத் தகடுகளின் 31.4 கிலோ 27 செ.மீ.யில், கொக்கியின் 12 கிலோ 48 செ.மீ. சுமாரில். பெருக்கிக் கூட்டி 71.4-ஆல் வகுத்தால் 20 செ.மீ. இரண்டு பக்கத் தகட்டின் மேல் விளிம்பிலும் அந்த 20 செ.மீ. கோட்டில் ஒரு காது வையுங்க: 12 மி.மீ. தகடு, 60 அகலம், 20 மி.மீ. ஓட்டை, இரண்டு பக்கமும் 6 மி.மீ. வெல்டு. காதில் அரை இஞ்ச் ஷாக்கிள், அதிலிருந்து இரண்டு கால் உள்ள சின்னச் சங்கிலி. கண் போல்ட் போட்டுப் பக்கவாட்டில் இழுக்காதீங்க. எம்12 கண் போல்ட் நேர்மேலே இழுத்தால் 340 கிலோ தாங்கும், சாய்த்து இழுத்தால் கழுத்தில் வளையும்.

காது வைக்க வெல்டிங் அடிப்பது சட்டம் கீழே இறங்கின பிறகுதான். டிராக்டரில் இருக்கும்போதே ஆர்க் வைத்தால் ஆல்டர்னேட்டர் டயோடு போகும், கரண்டு பேரிங் வழியாகப் போய் அதில் குழி விழும். அதனால் முதல் தடவைக்கு மட்டும் ஊதா நிற 1 டன் பெல்ட் இரண்டை, பக்கத் தகட்டுக்கு ஒன்றாக அடியில் சுற்றித் தூக்குங்க. காஸ் கட்டிங் செய்த தகட்டு விளிம்பு பிளேடு மாதிரி இருக்கும், பழைய டியூப் துண்டு வைக்காமல் பெல்ட்டைப் போடக்கூடாது. 

சீட்டுக்கு எளிய வழி: சீட்டையே கழற்றுங்க. பெரும்பாலும் நாலு போல்ட், ஐந்து நிமிட வேலை. டாப் லிங்க்கையும் எடுத்துடுங்க, கீழ் இரண்டு கையையும் வெளிப்பக்கம் விரித்துக் கட்டுங்க.

இனி வேலை முறை. சமதளத்தில் நிறுத்தி, கை பிரேக் போட்டு, முன் பின் சக்கரத்துக்குக் கட்டை வைத்து, சாவியைக் கையில் எடுத்துடுங்க. எட்டு போல்ட்டையும் அரைச் சுற்று மட்டும் தளர்த்துங்க, அதற்கு மேல் வேண்டாம். சேறு காய்ந்து பிடித்திருந்தால் முந்தின நாள் சாயங்காலமே துருநீக்கி எண்ணெய் அடித்து வைப்பது நல்லது. பிறகு சங்கிலியைக் கட்டி விறைப்பாகும் வரை ஏற்றுங்க.

இங்கேதான் எல்லாரும் தப்பு விடுவது. விறைப்பானதும் இன்னும் இரண்டு இழு இழுப்பார்கள். அப்போது கப்பி ஹவுசிங்கோடு சேர்த்து டிராக்டரையே தூக்கப் பார்க்கிறது, போல்ட்டுகள் ஓட்டையின் மேல் விளிம்பில் நெரிந்து பிடித்துக்கொள்ளும், ஸ்பேனரில் பலம் கூட்டினால் மரையை உருவிக்கொண்டு வரும். வார்ப்பிரும்பு மரை போனால் ஹெலிகாயில் (புது மரைக்கான கம்பிச் சுருள்) போடணும். சரியான விறைப்பு எது என்றால், தளர்த்திய போல்ட் விரலால் திருகினாலே சுற்றணும். இறுகினால் கைச்சங்கிலியை ஒவ்வொரு கண்ணியாக ஏற்றியோ இறக்கியோ பார்த்து அந்த இடத்தைக் கண்டுபிடிங்க.

அடுத்து கைடு ஸ்டட், அதாவது சட்டம் நேராக வழுக்கி வர வழிகாட்டும் தலையில்லாத மரைத்தண்டு. முழு நீளமும் மரை உள்ள எம்16 × 150 போல்ட் இரண்டின் தலையை அறுத்து, அறுத்த முனையில் ஹாக்ஸா பிளேடால் ஒரு கோடு, முனைக்கு வெகு லேசான கூம்பு. மேல் மூலை இரண்டு போல்ட்டையும் ஒவ்வொன்றாகக் கழற்றி அந்த இடத்தில் ஸ்டட்டை 30 மி.மீ. உள்ளே போகும்வரை ஸ்குரூ டிரைவரால் திருகுங்க. வெளி முனையில் ஒரு நட்டு மாட்டி வையுங்க. அதன்பிறகு கீழிருந்து மேலாக மிச்சம் ஆறு போல்ட். இப்போது சட்டம் இரண்டு ஸ்டட்டிலும் சங்கிலியிலும் நிற்கிறது.

கப்பி நிற்கும் இடம் எடைமையத்துக்கு நேர் மேலே வேண்டாம், 6 செ.மீ. பின்னால் இருக்கட்டும், அதாவது டிராக்டரை அந்த அளவு முன்னால் தள்ளி நிறுத்துங்க. சட்டம் ஸ்டட்டை விட்டு வெளியே வர 12 செ.மீ. பின்னால் வரணும். நேர்மேலே தொங்கவிட்டால் ஊஞ்சல் மாதிரி பின்னால் போகும்போது ஏறக்குறைய 4 மி.மீ. மேலே ஏறும், 18 மி.மீ. ஓட்டைக்குள் 16 மி.மீ. ஸ்டட் அங்கே சிக்கிக்கொள்ளும். 6 செ.மீ. பின்தள்ளி வைத்தால் வித்தியாசம் ஒரு மி.மீ.தான், கடந்துவிடும். இப்படி வைத்தால் சட்டம் தானே பின்னால் வரப் பார்க்கும், 2 கிலோ இழுவை அளவுக்கு. அதற்குத்தான் ஸ்டட் முனையில் நட்டு. நட்டை எடுக்கும்போது ஒரு கை கொக்கியில் இருக்கட்டும். கால் சட்டத்துக்கு அடியில் இருக்க வேண்டாம். முதுகுத் தகட்டின் நடு வெட்டு பி.டி.ஓ. பல்லைத் தொடாமல் வருகிறதா என்று பாருங்க. 35 மி.மீ. தண்டின் ஆறு பல்லில் ஒன்று நசுங்கினால் ரோட்டவேட்டர் தண்டு ஏறாது.

சட்டம் ஸ்டட்டை விட்டு வெளியே வந்ததும் முதலில் இறக்கித் தரையை ஒட்டிக் கொண்டு வாங்க, கொக்கியிலிருந்து ஒரு கயிற்றைச் சுவர்த் தூணுக்குக் கட்டி ஆடாமல் நிறுத்துங்க. அதற்குப் பிறகுதான் கட்டையை எடுத்து டிராக்டரை முன்னால் நகர்த்துவது.

வடசேரி பட்டறை

சீட்டைக் கழற்ற மனசில்லாதவர்களுக்கு இன்னொரு வழி: எடைமையத்தைப் பின்னால் நகர்த்துங்க. கொக்கி ஓட்டைக்குள் ஒரு பைப்பை நுழைத்துப் பின்னால் நீட்டி, முதுகுத் தகட்டிலிருந்து 90 செ.மீ. தூரத்தில் 25 கிலோ எதிரெடை கட்டுங்க. 71 கிலோ 20 செ.மீ.யில், 25 கிலோ 90 செ.மீ.யில்: சேர்ந்த மையம் 38 செ.மீ. 25 செ.மீ. சீட்டைத் தாண்டி 13 செ.மீ. இடம் கிடைக்கும். காதும் 38 செ.மீ.யில் வைக்கணும். எதிரெடை வழுக்காமல் இரண்டு பக்கமும் போல்ட் பூட்டு வேணும், அது கழன்றால் சட்டம் ஒரே வீச்சில் மூக்குக் குத்தும். பைப்பைச் சட்டம் ஸ்டட்டில் நிற்கும்போதே மாட்டணும், எடுப்பது சட்டம் தரையில் உட்கார்ந்த பிறகு.

திங்கள்சந்தை மெக்கானிக்

செய்யலாம். ஆனா தனியாளுக்கு நான் சொல்ல மாட்டேன். 75 கிலோ வேலை 100 கிலோ ஆகுது, நீட்டிக்கொண்டிருக்கும் பைப்பில் ஆளே முட்டிக்கொள்வான். சீட்டு நாலு போல்ட்தான்.

குளச்சல் காற்று

தொங்கவிட்டே வைக்கலாமா என்ற கேள்விக்கு யாரும் பதில் சொல்லலையே. வைக்கக்கூடாது. செயின் பிளாக்கின் பிரேக் என்பது இரண்டு உராய்வுத் தட்டும் ஒரு ராட்செட் பல்லும். தூக்கி இறக்குவதற்கானது, மாதக்கணக்கில் பாரத்தோடு நிற்பதற்கு அல்ல. கடற்கரைப் பக்கம் என்றால் இன்னும் மோசம். உப்புக் காற்றில் பாரம் தாங்கி நிற்கும் சங்கிலியில் கண்ணியும் கண்ணியும் தொடும் இடத்தில் துரு ஊறும், எண்ணெய் அந்த இடத்துக்குள் போகாது. பல் நாக்கின் ஸ்பிரிங் துருப்பிடித்து ஒட்டினால் கைச்சங்கிலியைத் தொட்ட மாத்திரத்தில் இறங்க ஆரம்பிக்கும். தோவாளை கடலிலிருந்து கொஞ்சம் தள்ளித்தான், ஆனாலும் தென்மேற்கும் வடகிழக்கும் இரண்டு மழையும் வாங்கும் ஊர்.

வேலை முடிந்ததும் கப்பியைக் கழற்றி உள்ளே வையுங்க, 10 கிலோ சுமார்தான். சுமைச்சங்கிலியை டீசலில் நனைத்த துணியால் துடைத்து, 90 நம்பர் கியர் ஆயிலைத் துணியில் தொட்டுப் பூசுங்க, சொட்டச் சொட்ட ஊற்ற வேண்டாம். ஊற்றினால் வழிந்து பிரேக் தட்டுக்குப் போகும், தட்டு வழுக்கினால் சுமை மெல்ல மெல்லத் தானே இறங்கும். பிரேக் மூடியைத் திறந்து கிரீஸ் வைக்கிற ஆட்களும் உண்டு, அந்தச் சவத்தை அதோடு தூக்கிப் போட வேண்டியதுதான். மாட்டும் முன் வெறும் கொக்கியோடு ஏற்றி இறக்கி, நாக்கு டிக் டிக் என்று சத்தம் போடுதா என்று கேளுங்க. ஏற்றும்போது சத்தம் வராவிட்டால் சுமை போடாதீங்க.

சட்டத்துக்கு ஒரு ஸ்டாண்ட் அடியுங்க: 50 × 50 × 6 ஆங்கிள், 45 செ.மீ. உயரம், கால் நாலும் சட்டத்தின் அகலத்தைவிட பக்கத்துக்கு 10 செ.மீ. விரிந்து. வெறும் சிமென்ட் தரையில் படுக்க வைத்தால் அடியில் ஈரம் ஏறி முதுகுத் தகட்டில் செதில் துரு வரும். அந்தத் துருச்செதிலோடு திரும்ப மாட்டினால் போல்ட் இறுகின மாதிரி இருக்கும், இரண்டு லோடு ஓடியதும் செதில் நசுங்கி எல்லாம் தளரும். முதுகுத் தகட்டின் ஹவுசிங்கில் படும் முகத்துக்கு பெயின்ட் வேண்டாம், கிரீஸ் போதும், மாட்டும்போது துடைத்துவிடலாம். மற்ற இடமெல்லாம் பிரைமரும் பெயின்ட்டும். சாக்கு போட்டு மூடாதீங்க, மழைக்காலத்தில் அது தண்ணியைப் பிடித்து வைத்துக்கொள்ளும்.

தோவாளை உழவன்

புரிந்தது. கடைசியாக ஒன்று. போன தடவை சட்டத்தைக் கழற்றினபோது கீழ் வரிசையில் இரண்டு ஓட்டையிலிருந்து எண்ணெய் கசிந்தது. அப்படியே தொளியில் இறக்கினால் சேறு உள்ளே போகுமே? திரும்ப மாட்டும்போது போல்ட்டை எவ்வளவு இறுக்கணும்?

திங்கள்சந்தை மெக்கானிக்

அந்த இரண்டு ஓட்டையும் ஹவுசிங் உள்ளே வரை திறந்த ஓட்டை. சட்டம் இல்லாத காலத்தில் எட்டு ஓட்டையையும் அடைத்தாகணும், கசியாத ஆறையும் சேர்த்து. மரைக்குள் சேறு காய்ந்தால் அடுத்த தடவை போல்ட் பாதியில் நின்றுவிடும். சட்டத்தின் போல்ட்டையே வெறும் ஓட்டையில் போடாதீங்க. 20 மி.மீ. தகடு இப்போது நடுவில் இல்லை, அந்த நீளம் அப்படியே உள்ளே நீளும். மூடின ஓட்டையில் அடி தட்டி வார்ப்பை விரியவைக்கும், திறந்த ஓட்டையில் உள்ளே இருக்கும் பாகத்தைத் தொடலாம். எம்16 × 25 போல்ட் எட்டு வாங்கி, தலைக்கு அடியில் ஒரு செம்பு வாசர். கசிந்த இரண்டுக்கு மட்டும் மரையில் திரவ சீலன்ட் தடவி, மற்றதுக்கு கிரீஸ். கையால் திருகி ஸ்பேனரால் ஒரு அழுத்து, போதும். கழற்றும் முன்னும் பின்னும் கியர் ஆயில் அளவுக்குச்சியைப் பாருங்க.

ஒன்று சரிபார்த்துக்கிடுங்க, அது எம்16தானா என்று. சில பழைய மாடல்களில் இஞ்ச் மரை வரும். 5/8 இஞ்ச் போல்ட் 15.9 மி.மீ., வெர்னியரில் பார்த்தாலும் 16 என்றே தோன்றும். எம்16க்கு மரை இடைவெளி 2 மி.மீ., 5/8 சாதா மரைக்கு இஞ்சுக்கு 11 மரை, 2.3 மி.மீ. மாற்றிப் போட்டால் இரண்டு மூன்று சுற்று சாதாரணமாகப் போய்ப் பிறகு இறுகும். அங்கே பலம் கொடுத்தால் ஹவுசிங் மரை போச்சு. பழைய போல்ட்டையும் புதுப் போல்ட்டையும் மரையோடு மரை ஒட்டிப் பிடித்து வெளிச்சத்தில் பார்த்தால் தெரிந்துவிடும்.

திரும்ப மாட்டும்போது கழற்றின முறை தலைகீழ். ஸ்டட் இரண்டையும் முதலில் ஹவுசிங்கில் திருகி, சட்டத்தைத் தொங்கவிட்டு, டிராக்டரை மெதுவாகப் பின்னால் கொண்டு வந்து ஒரு முழம் இடைவெளியில் நிறுத்தி, அணைத்து, மிச்சத்தைக் கையால் தள்ளுங்க. டிராக்டரை ஓட்டியே ஸ்டட்டை ஓட்டைக்குள் நுழைக்கப் பார்க்கக்கூடாது. டயர் காற்று கூடக் குறைய இருந்தால் ஓட்டை உயரம் மாறும், அதைக் கப்பியில் சரிபண்ணிக்கலாம்.

போல்ட் நீளம்: வார்ப்பிரும்புக்குள் விட்டத்தின் ஒன்றரை மடங்கு, 24 மி.மீ. மரை பிடிக்கணும். தகடு 20, வாசர் 4, ஆக 50 மி.மீ. போல்ட் சரியாக வரும். 8.8 கிரேடு, தலையில் எழுதியிருக்கும். ஸ்பிரிங் வாசர் ஒவ்வொரு தடவையும் புதுசு. ஆறு போல்ட்டையும் விரலால் பிடித்த பிறகு ஸ்டட்டை எடுத்து அங்கே மிச்சம் இரண்டு. சங்கிலியைத் தளர்த்தின பிறகுதான் இறுக்குவது, மூலைக்கு மூலை மாற்றி மாற்றி. 200 நியூட்டன் மீட்டர் சுமார். டார்க் ரெஞ்ச் இல்லாவிட்டால் ஒரு மீட்டர் பைப் போட்ட ஸ்பேனர் முனையில் 20 கிலோ அழுத்தம். டிராக்டர் புத்தகத்தில் வேறு எண் இருந்தால் அதுதான் கணக்கு. முதல் லோடு இறக்கினதும் ஒரு தடவை, பத்து மணி நேரம் ஓடினதும் மறு தடவை இறுக்கம் பாருங்க. போல்ட் தலையிலிருந்து தகடு வரை பெயின்ட்டில் ஒரு கோடு போட்டு வைத்தால், சுற்றியிருக்கா என்று குனிந்து பார்த்தாலே தெரியும்.